கண்ணில் மருந்து பட்டால் முதல் வைத்தியம் தண்ணீர்

இன்று கண்ணைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கண் நோயைப் பற்றியோ கண்ணாடி போடுவதைப் பற்றியோ அல்ல. கண் மூடித் திறக்கும் நேரத்தில் நடந்துவிடக்கூடிய ஒரு விபத்தைப் பற்றி. வேலைக்காட்டிலோ, பால் ஸ்டோரிலோ, வீட்டுச் சமையற்கட்டிலோ ஆசிட், அமோனியா, புல்லு மருந்து, சுண்ணாம்பு போன்ற ஏதாவது ஒன்று கண்ணில் தெறித்துவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

தோட்டத் தொழிலாளிக்குக் கண் எவ்வளவு பெரிய சொத்து என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறவர், பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், மரம் காயப்படாமல் கத்தியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் செய்கிறார். செம்பனைக் காட்டில் குலை பழுத்துவிட்டதா என்பதைத் தரையில் நின்றபடி அண்ணாந்து பார்த்துச் சொல்வதும் கண்தான். ஆகவே தொழிலாளியின் கண்ணுக்கு வரும் ஆபத்து, அந்தக் குடும்பத்தின் அடுப்புக்கு வரும் ஆபத்து.

நேயர்களே, ஒரு காட்சியை மனத்தில் நினைத்துப் பாருங்கள். செம்பனைக் காட்டில் நான்கு பெண்கள் புல்லு மருந்து அடித்துக் கொண்டிருக்கிறார்கள். ஒருவருடைய பம்பின் மூக்கு அடைத்துக் கொள்கிறது. வியர்வையில் மங்கிப்போன கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அவர் குனிந்து மூக்கைத் திருகுகிறார். உள்ளே அடங்கியிருந்த அழுத்தம் விடுபட்டு, மருந்து 'சர்'ரென்று கண்ணில் பாய்கிறது.

"ஐயோ, கண்ணு எரியுதே!" என்று அலறுகிறார்.

எல்லோரும் ஓடி வருகிறார்கள். "கசக்கி விடுங்க அக்கா, வெளியே வந்துரும்" என்கிறார் ஒருவர். "தாய்ப்பால் விட்டா குளிர்ந்துடும்" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் மண்டோரைக் கூப்பிட ஓடுகிறார். மண்டோர் மோட்டார் சைக்கிளில் வருகிறார். "ஏறும்மா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று ஏற்றிக்கொண்டு பறக்கிறார். மண் சாலையில் போய்ப் பெரிய சாலையைப் பிடித்து, டவுன் ஆஸ்பத்திரியை அடைய 40 நிமிடம் ஆகிறது.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. எல்லோருக்கும் பதைப்பு, எல்லோருக்கும் அன்பு. ஆனால் மருந்து கலப்பதற்காகக் கொண்டுவந்த நல்ல தண்ணீர் பத்து அடி தூரத்தில் ஒரு பீப்பாய் நிறைய இருந்ததே, அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை! அந்த 40 நிமிடமும் மருந்து கண்ணுக்குள்ளேயே இருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படி நடக்காது என்று சொல்ல முடியுமா? நம் தோட்டத்தில் இது நடந்தால் நாமும் இப்படித்தான் செய்திருப்போம் அல்லவா? அதனால்தான் ஒரே ஒரு வாக்கியத்தை இன்று நீங்கள் மனப்பாடம் செய்து கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: முதலில் தண்ணீர், பிறகுதான் ஆஸ்பத்திரி.

ஏன் இவ்வளவு அவசரம்? அதையும் பார்ப்போம்.

கண்ணைக் கெடுக்கும் பொருள்களைப் பெரும்பாலும் இரண்டு இனமாகப் பிரிக்கலாம். ஒன்று அமிலம், அதாவது ஆசிட். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட், லாரி பேட்டரியில் இருக்கும் ஆசிட் ஆகியவை இந்த இனம். மற்றொன்று காரம். பால் உறையாமல் இருப்பதற்காகச் சேர்க்கும் அமோனியா, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு, அடைத்துப்போன குழாயைத் திறக்க ஊற்றும் காஸ்டிக் சோடா, துணி வெளுக்கும் மருந்து, கட்டட வேலையில் கலக்கும் சிமெண்டு ஆகியவை இந்த இனம்.

பாலில் ஆசிட்டை ஊற்றினால் என்ன ஆகிறது? பால் உறைகிறது. கண்ணின் மேல்தோலில் ஆசிட் பட்டாலும் ஏறக்குறைய அப்படித்தான். மேற்பரப்பு வெந்து உறைந்துவிடுகிறது. அந்த உறைந்த படலமே, மீதி ஆசிட் உள்ளே போவதை ஓரளவு தடுக்கிறது. இதனால் ஆசிட் லேசானது என்று எண்ணிவிட வேண்டாம். காட்டமான ஆசிட் பார்வையையே பறித்துவிடும்.

ஆனால் காரத்தின் குணம் இன்னும் கெட்டது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணின் சதையிலும் கொழுப்பு உண்டு. காரம் அதைச் சோப்பைப் போலக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. தடுத்து நிறுத்தும் படலம் எதுவும் அங்கே உண்டாவதில்லை. அமோனியா ஒரு நிமிடத்துக்குள்ளேயே கண்ணின் உள்ளறைக்குப் போய்ச் சேர்ந்துவிடக்கூடியது. ஆஸ்பத்திரிக்கு 40 நிமிடம், அமோனியாவுக்கு ஒரு நிமிடம்! இந்தப் பந்தயத்தில் எந்த மோட்டார் சைக்கிளும் ஜெயிக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் தண்ணீர்தான் ஜெயிக்கும்.

சரி, எப்படிக் கழுவ வேண்டும்? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எழுதத் தெரிந்த பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலாவது: கண்ணைக் கசக்கக் கூடாது. கசக்கினால் மருந்து இன்னும் அழுந்தும். சுண்ணாம்புத் துகள் இருந்தால் கண்ணைக் கீறும்.

இரண்டாவது: அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே தண்ணீரை ஊற்றத் தொடங்குங்கள். பைப்புத் தண்ணீர் போதும். பைப்பு இல்லாத காட்டில் குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை ஊற்றுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர்தான் வேண்டும், மருந்துக்கடைத் தண்ணீர்தான் வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது. கிடைப்பதில் எது சுத்தமோ அதை எடுங்கள். வெந்நீர் மட்டும் ஆகாது.

மூன்றாவது: அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்துக் கொள்ளுங்கள். மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் ஓட வேண்டும். அப்போதுதான் கழுவிய மருந்து நல்ல கண்ணுக்குள் போகாது. இரண்டு கண்ணிலும் பட்டிருந்தால் மல்லாந்து படுக்க வைத்து, மூக்கின் மேல்தண்டில் ஊற்றி இரண்டு பக்கமும் வழிய விடலாம்.

நான்காவது: கண் திறந்திருக்க வேண்டும். இதுதான் கடினமான பகுதி. எரிச்சலில் கண் தானாக இறுக மூடிக்கொள்ளும். மூடிய இமையின்மேல் பத்து வாளி ஊற்றினாலும் பயனில்லை. ஆகவே கூட இருப்பவர் தம் கையைக் கழுவிக்கொண்டு, கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் மேலிமையையும் கீழிமையையும் பிரித்துப் பிடிக்க வேண்டும். "மேலே பாருங்க, கீழே பாருங்க, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே ஊற்ற வேண்டும். இமை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் மருந்து அப்போதுதான் வெளியே வரும். கண்ணுக்குள் ஒட்டு லென்ஸ் போடும் பிள்ளைகளாக இருந்தால், கழுவிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துவிட வேண்டும். எடுப்பதற்காகக் கழுவுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஐந்தாவது: நேரம். இரண்டு கை அள்ளி முகம் கழுவுவது கணக்கில் சேராது. விடாமல் 20 நிமிடம் ஊற்ற வேண்டும். அமோனியா, சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா போன்ற காரமாக இருந்தால் 30 நிமிடம், அதற்கு மேலும் ஊற்றலாம். கடிகாரம் இல்லையே என்கிறீர்களா? வானொலியில் ஐந்து பாட்டு முடியும் நேரத்தை 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரம். தொழிற்சாலைகளில் கண் கழுவுவதற்கென்று வைத்திருக்கும் குழாய்களில் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வர வேண்டும் என்பது ஓர் அளவு. அந்தக் கணக்கில் 20 நிமிடத்துக்கு 30 லிட்டர். பத்து லிட்டர் வாளியில் மூன்று வாளி. மெல்லிய தாரையாக, கெண்டியிலிருந்தோ குவளையிலிருந்தோ ஊற்றுங்கள். ரப்பர்க் குழாயை வேகமாகத் திறந்து கண்ணுக்கு நேரே பீய்ச்சாதீர்கள்.

எரிச்சல் குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. வலி குறைந்தால் மருந்து போய்விட்டது என்று பொருளல்ல. மருந்து பட்ட சட்டையையும் தலைத்துண்டையும் கழற்றிவிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அதிலிருந்து மறுபடியும் கண்ணுக்குள் வடியும்.

குழந்தையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பு டப்பாவைக் குழந்தைகள் எடுத்து விளையாடுவதை நாம் பார்த்திருக்கிறோம். பிதுக்கும் பாக்கெட்டாக இருந்தால் முகத்துக்கு நேரே வைத்து அழுத்திவிடுவார்கள். குழந்தையை ஒரு பெரிய துண்டில் கைகளோடு சேர்த்துச் சுற்றி, ஒருவர் மடியில் தலையை வைத்துப் பிடிக்க, மற்றொருவர் ஊற்ற வேண்டும். கண்ணைச் சுற்றியும் இமை ஓரத்திலும் சுண்ணாம்புக் கட்டி தெரிந்தால் ஈரத் துணியால் மெல்லத் துடைத்து எடுத்துக்கொண்டே கழுவுங்கள். கருவிழியின்மேல் மட்டும் துணியை வைக்கக் கூடாது. குழந்தை கத்தும், கைகாலை உதறும். பெற்ற மனம் கேட்காது. இருந்தாலும் விட்டுவிடாதீர்கள், தாய்மார்களே. அந்த 30 நிமிட அழுகை, வாழ்நாள் முழுதும் அழாமல் இருப்பதற்காக.

இனி, செய்யக் கூடாதவை எவை என்று பார்ப்போம்.

ஆசிட் பட்டால் சோடா உப்புக் கரைசலை ஊற்றலாம், சுண்ணாம்பு பட்டால் எலுமிச்சைச் சாறு விடலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். ஒன்றை ஒன்று முறிக்கும் என்பது அவர்கள் எண்ணம். கண்ணுக்குள் அந்தச் சோதனையே வேண்டாம். அப்படி முறிக்கும்போது சூடு கிளம்பும். ஒரு காயம் இரண்டு காயமாகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நெய், தேன், பூச்சாறு எதுவும் வேண்டாம். நம் பாட்டிமார் அன்போடு செய்த வைத்தியங்களை நான் இகழவில்லை. ஆனால் அவர்கள் காலத்து லயத்தில் இத்தனை மருந்து டின்கள் இருந்ததில்லை. சென்ற மாதம் வேறு யாருக்கோ கொடுத்த சொட்டு மருந்தையும் விடாதீர்கள். கண்ணை இறுக்கிக் கட்டுப் போடவும் வேண்டாம்.

கழுவி முடிந்தபிறகு ஆஸ்பத்திரிக்குக் கண்டிப்பாகப் போக வேண்டும். ஒருவர் கழுவிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம். 999க்குப் போன் செய்யலாம். போகும் வழியிலும் ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து ஊற்றிக்கொண்டே போகலாம். எந்த மருந்து பட்டது என்று டாக்டர் கேட்பார். டின்னில் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டைக் கொண்டுபோங்கள். இந்தக் காலத்தில் கைத்தொலைபேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டாலும் போதும்.

ஆஸ்பத்திரியில் மறுபடியும் கழுவுவார்கள். "நாங்கதான் கழுவிட்டோமே ஐயா" என்று தடுக்காதீர்கள். நிறம் மாறும் ஒரு காகிதத்தைக் கண்ணின் ஓரத்தில் வைத்து, ஆசிட்டோ காரமோ இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேலிமையைப் புரட்டி உள்ளே துகள் ஒட்டியிருக்கிறதா என்று தேடுவார்கள். ஆரஞ்சு நிறச் சொட்டு மருந்து விட்டு, நீல விளக்கில் பார்ப்பார்கள். கண்ணில் புண் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். "கண்ணு சிவக்கவே இல்லையே, வெள்ளையாத்தானே இருக்கு, ஒன்றும் ஆகாது" என்று சிலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். காட்டமான காரம் பட்ட கண் சிவக்காமல் வெளுத்திருந்தால், அது நல்ல அறிகுறி அல்ல. கண்ணுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்ணிய நரம்புகளே கருகிவிட்டதால் அந்த வெளுப்பு வந்திருக்கக்கூடும். அதேபோல் சில மருந்துகள் முதல் நாள் லேசான எரிச்சலோடு நின்று, மறுநாள்தான் தம் வேலையைக் காட்டும். பாராகுவாட் என்னும் புல்லு மருந்து அந்த வகை. மலேசியாவில் அது 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய டின் எங்காவது மூலையில் கிடந்தால் தொடாதீர்கள். வேறு பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். மேலாளரிடமோ விவசாய இலாகாவிடமோ சொல்லுங்கள்.

டாக்டர் மறுபடி வரச்சொன்ன நாளில் தவறாமல் போங்கள். புண் ஆறும்போது இமையும் விழியும் ஒட்டிக்கொள்ளலாம். கருவிழியில் தழும்பு விழலாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம். இவற்றை ஆரம்பத்தில் கண்டால் தடுக்க வழி உண்டு.

வேலை நேரத்தில் நடந்த விபத்து என்றால் மண்டோரிடமும் ஆபீசிலும் அன்றைக்கே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். தொழிலாளர்களுக்கான சொக்சோ திட்டம், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்தது. விபத்தைப் பற்றித் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அதைச் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். "சின்ன விஷயம்தானே, சம்பளம் போய்விடுமே" என்று மறைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்வை மங்கினால், அன்று எழுதிய அந்த ஒரு வரிதான் உங்களுக்குத் துணை நிற்கும்.

வருமுன் காப்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பாதுகாப்புக் கண்ணாடி கொடுப்பதும் வேலையிடத்தை ஆபத்தில்லாமல் வைப்பதும் முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. கொடுத்ததை மாட்டிக்கொள்வது நம் கடமை. கண்ணாடி வியர்வையில் மங்குகிறது என்பது உண்மைதான். மங்கினால் மருந்து பம்பை இறக்கி வைத்து, தள்ளிப்போய், கையைக் கழுவிவிட்டுத் துடைத்து மாட்டுங்கள். மருந்தைக் கலக்கும் நேரத்தில் அதைக் கழற்றவே கூடாது. தண்ணீர் சேராத மருந்துதான் மிகவும் காட்டமானது. பம்பின் அழுத்தத்தை முழுக்க வெளியேற்றிய பிறகே மூக்கைத் திருகுங்கள். ஆசிட் கலக்கும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எந்த மருந்தையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து இருக்கும் இடத்தில் நல்ல தண்ணீரும் இருக்க வேண்டும். பிரட்டுக் களத்தில் மண்டோரிடம் கேளுங்கள்: "மருந்து கலக்கிற இடத்துல கண் கழுவ நல்ல தண்ணி எங்கே இருக்கு?" இது எதிர்த்துப் பேசுவது ஆகாது. உங்களோடு வேலை செய்பவர் இந்தோனேசியரோ வங்காளதேசத்தவரோ ஆக இருக்கலாம். அவருக்கும் புரிய வேண்டுமே! "ஆயிர், ஆயிர்! சிராம் மாத்தா!" என்று கத்துவதை எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள். தண்ணீர் கொண்டு வா, கண்ணில் ஊற்று என்பது அதன் பொருள்.

நேயர்களே, இன்றிரவு ஒரு சின்ன வேலை தருகிறேன். வீட்டில் ஒரு கெண்டியில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் தலையைச் சாய்க்கட்டும், மனைவி இமையைப் பிரித்துப் பிடித்து மெல்ல ஊற்றட்டும். பிறகு மாற்றிச் செய்யுங்கள். பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது. நாளைக்கு அப்பாவின் கண்ணையோ தம்பியின் கண்ணையோ காப்பாற்றப் போவது அந்தப் பிள்ளையின் கையாகவும் இருக்கலாம்.

முதலில் தண்ணீர், பிறகுதான் ஆஸ்பத்திரி. இந்த வாக்கியத்தை மட்டும் மறவாதீர்கள்.